193.5 கட்-ஆஃப்: கிண்டி கிடைக்குமா?

கேள்வி: பிளஸ் டூவில் மகள் கணிதம் 96, இயற்பியல் 97, வேதியியல் 98. ஜே.இ.இ. மெயினில் 96 பர்சன்டைல், அட்வான்ஸ்டும் எழுதியிருக்கிறாள். பி.சி. பிரிவு. சென்னை ஐ.ஐ.டி. அல்லது கிண்டி பொறியியல் கல்லூரி, அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். கிடைக்குமா? (கரூர் வாசகர்)

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன், இரண்டுமே கஷ்டம்.

96 பர்சன்டைலை 96 மார்க் போல நினைத்துவிடுகிறோம். மெயின் எழுதுவோர் சுமார் 14 லட்சம். மகளுக்கு முன்னால் 4 சதவீதம் பேர் என்றால் 56 ஆயிரம் பேர். ஐ.ஐ.டி.க்கு அட்வான்ஸ்டு ரேங்க்தான் கணக்கு என்பது உண்மை. ஆனால் சென்னையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் முதல் 200 ரேங்குக்குள்ளேயே முடிந்துவிடுவது வழக்கம். ஓ.பி.சி., பெண்களுக்கான கூடுதல் இடங்கள் எதிலும் இது பெரிதாக இளகாது.

கிண்டிக்கு வருவோம். இங்கே பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கணிதம் 96, இயற்பியலில் பாதி 48.5, வேதியியலில் பாதி 49. மொத்தம் 200-க்கு 193.5, இதுதான் மகளின் கட்-ஆஃப். கணிதத்தில் விட்ட 4 மார்க் அப்படியே 4 ஆகக் கழிந்திருக்கிறது, அங்கேதான் அடி. கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.சி.யிலும் 200-ஐ ஒட்டியே முடியும். கிண்டிதான் முக்கியமென்றால் மைனிங், பிரின்டிங் போன்ற பிரிவுகளைப் பாருங்கள். கம்ப்யூட்டர்தான் முக்கியமென்றால் கோவை, மதுரை, சென்னையில் உள்ள நல்ல கல்லூரிகளைப் பாருங்கள். எது முக்கியம் என்று மகள்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

போன வருட கட்-ஆஃப் மார்க்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கேள்வித்தாள் எளிதாக இருந்தால் எல்லோருக்கும் மார்க் ஏறிவிடும். ரேங்க் பட்டியல் வந்ததும், மகளின் பி.சி. ரேங்கையும் போன வருடம் அவள் விரும்பும் பாடப்பிரிவு பி.சி.யில் எந்த ரேங்கில் முடிந்தது என்பதையும் ஒப்பிடுங்கள்.

தமிழகப் பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் "கிடைக்காதது எதற்கு" என்று கிண்டியை விட்டுவிட வேண்டாம். ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டாலும் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. பட்டியலைச் சின்னதாக வைப்பதுதான் ஆபத்து.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) இடங்களுக்கான ஜோசா கவுன்சலிங்கையும் விடாதீர்கள். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. திருச்சியில் கம்ப்யூட்டர் கைக்கு எட்டாது, மற்ற பிரிவுகளை முயன்று பார்க்கலாம். அங்கே ஓ.பி.சி. ஒதுக்கீடு பெற, பள்ளியில் காட்டிய பி.சி. சான்றிதழ் செல்லாது. உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால், இந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய 'நான் கிரீமி லேயர்' (வசதி படைத்தோர் பிரிவில் இல்லை என்று காட்டும்) சான்றிதழ் தேவை. இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.