துணைவேந்தரும் 'வைஸ்' என்ற முன்னொட்டும்

கேள்வி: துணைவேந்தரை ஆங்கிலத்தில் வைஸ் சான்சலர் என்கிறோம். அகராதியிலோ 'வைஸ்' என்பதற்குத் தீயொழுக்கம் என்று பொருள் தரப்பட்டுள்ளது. மதிப்புமிக்க பதவியின் பெயரில் இச்சொல் எப்படி வந்தது?

பதில்: இவை எழுத்தாலும் ஒலியாலும் ஒத்துப்போன இரு வேறு சொற்கள். தீயொழுக்கத்தைக் குறிக்கும் வைஸ், குறை, பழுது எனப் பொருள்படும் 'விட்டியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பதவிப் பெயர்களின் முன் நிற்பதோ, முறை, மாற்றம், இடம் ஆகிய பொருள்களையுடைய லத்தீன் பெயர்ச்சொல் ஒன்றின் வேற்றுமை வடிவம்; 'இன்னாருக்குப் பதிலாக' என்பதே அதன் பொருள். (பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மூன்றாவது சொல்; அதன் மூலம் திராட்சைக் கொடியைக் குறிக்கும் 'விட்டிஸ்'. கொடியின் முறுக்கு திருகாணிக்குப் பெயராகி, திருகாணி அக்கருவிக்குப் பெயரானது.)

இம்முன்னொட்டைக் 'கீழ்நிலை' என்று கொள்வது சரியன்று. கீழ் என்ற பொருளைத் தருவது சப் இன்ஸ்பெக்டர் என்பதில் உள்ள 'சப்'. வைஸ் என்பது ஒருவரின் இடத்தில் நின்று அவர் பணியைச் செய்வதைச் சுட்டுகிறது. 1858இல் இந்திய ஆட்சியைப் பிரிட்டிஷ் முடியாட்சி நேரடியாக ஏற்றபோது, கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங் பிரபு முதல் வைஸ்ராயும் ஆனார்; 'ராய்' என்பது அரசனைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லாதலால், அரசரின் இடத்தில் இருப்பவர் என்பதே அப்பட்டத்தின் பொருள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவும் இக்கருத்துக்குப் பொருந்தியே அமைந்திருக்கிறது: குடியரசுத் தலைவர் பதவி காலியானால், புதியவர் பொறுப்பேற்கும்வரை துணைக் குடியரசுத் தலைவரே அப்பதவியின் கடமைகளை ஆற்றுவார். 1969இல் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரியும், 1977இல் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது பி.டி. ஜாட்டியும் அவ்வாறு பொறுப்பு வகித்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆளுநர் வேந்தராக இருக்க, அன்றாட நிர்வாகம் முழுவதையும் துணைவேந்தரே நடத்துவதைப் பார்த்தால், லத்தீன் பொருள் அவருக்குத்தான் மிகவும் பொருந்துகிறது என்பேன்.

இங்கிலாந்துப் பிரபுக்களின் பட்டமான வைகவுண்ட் என்பதிலும் இதே முன்னொட்டுத்தான் தேய்ந்து நிற்கிறது. அது முதலில் கவுண்ட் என்ற பிரபுவின் பதிலாளைக் குறித்தது. 'வைஸ் வெர்சா' என்ற தொடரில் அது ஒட்டாக இல்லாமல் முழுச்சொல்லாகவே வருகிறது: 'வெர்சா' என்றால் திருப்பப்பட்ட, ஆகவே தொடரின் பொருள், முறை மாறி என்பதாகும். ஆங்கிலேயர் பலர் இத்தொடரில் மட்டும் அதை 'வைசி' என்று இரண்டு அசையாக ஒலிப்பது, லத்தீனில் அது ஈரசைச் சொல்லாக இருந்ததன் எச்சம்.