ஹாஸ்டல் வைஃபைல ஃப்ரீ விபிஎன் போடலாமா?

கேள்வி: இன்ஜினியரிங் செகண்ட் இயர் படிக்கிறேன் சார். ஹாஸ்டல் வைஃபைலதான் யுபிஐ, நெட் பேங்கிங் எல்லாமே. சேஃப் இல்ல, ஃப்ரீ விபிஎன் ஒண்ணு போடுன்னு ரூம்மேட் சொல்றான். போடலாமா?

அந்த ஃப்ரீ ஆப் வேண்டவே வேண்டாம் தம்பி. விபிஎன் போட்டா உங்க போன்ல இருந்து அந்த விபிஎன் கம்பெனி சர்வர் வரைக்கும் எல்லாம் என்கிரிப்ட் ஆகி, அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாத மாதிரி பூட்டி போகும், விபிஎன் போட்டிருக்கீங்கங்கிறது தவிர காலேஜுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா இவ்ளோ நாள் காலேஜ் பாத்ததை இனிமே அந்த கம்பெனி பாக்கும், அவ்ளோதான். காசு வாங்காம ஏன் குடுக்குறான்னு யோசிங்க. ஹோலான்னு ஒரு ஃப்ரீ விபிஎன், போட்டவங்களோட நெட் கனெக்ஷனையே அடுத்தவங்களுக்கு வித்துட்டு இருந்தது 2015ல பெரிய பிரச்சனையாச்சு.

பேங்க் ஆப், யுபிஐ எல்லாம் ஏற்கனவே என்கிரிப்ட் ஆகித்தான் போகுது. பக்கத்து ரூம்ல ஒருத்தன் உக்காந்து பாத்தாலும் எந்த சைட்டுக்கு போறீங்கங்கிறது வரைக்கும்தான் தெரியும்.

எனக்கு பயமே வேற இடத்துல. உங்க வைஃபை யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்குற டைப்னா, நிறைய காலேஜ்ல இருக்குற எஜுரோம் வைஃபை மாதிரி, செட்டிங்ஸ்ல சிஏ சர்டிஃபிகேட்னு ஒரு இடம் வரும், இது நிஜமாவே காலேஜ் வைஃபைதானான்னு போன் சரிபார்க்கறதுக்கு, பழைய ஆண்ட்ராய்டு போன்ல நிறைய பேர் அங்க டூ நாட் வேலிடேட், அதாவது சரிபார்க்க வேண்டாம்னு குடுத்துட்டு போயிடுறாங்க. அப்படி விட்டா அதே பேர்ல எவனாவது ஒரு வைஃபை வெச்சாலும் போன் தானா போய் ஒட்டிக்கும், உங்க காலேஜ் பாஸ்வேர்டு அப்படியேவோ இல்ல உடைச்சு எடுக்குற மாதிரியோ அவன் கைக்கு போயிடும். இதுக்கு விபிஎன் உதவவே உதவாது, ஏன்னா வைஃபை கனெக்ட் ஆன அப்புறம்தான் விபிஎன்னே ஆரம்பிக்கும். அதனால அங்க யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ் குடுத்து, கீழ டொமைன்ல காலேஜ் நெட்வொர்க்கை பாத்துக்குறவங்க சொல்ற பேரை டைப் பண்ணுங்க. அவங்க தனியா சர்டிஃபிகேட் ஃபைல் குடுத்தா அதை வைஃபைக்குன்னு மட்டும் போடுங்க.

பிரவுசிங்குக்குன்னு சர்டிஃபிகேட் இன்ஸ்டால் பண்ண சொன்னா அது வேற கதை. அது போன்ல ஏறிட்டா காலேஜ் ஃபயர்வால், அதாவது நெட்ல போற வர்றதை வடிகட்டுற சிஸ்டம், நினைச்சா பிரவுசர்ல நீங்க திறக்குற பேஜை உள்ள பிரிச்சு பாக்கலாம். அந்த மாதிரி காலேஜ்னா நெட் பேங்கிங்கை மொபைல் டேட்டால பண்ணுங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ எம்பி ஆயிடப்போகுது?

இதுக்கப்புறமும் விபிஎன் வேணும்னா காசு குடுத்து நல்லதா வாங்குங்க, ஹாஸ்டல் ரூல்ஸ்ல அதுக்கு தடை இருக்கான்னும் பாத்துக்கோங்க. போட்டதும் ஆண்ட்ராய்டு விபிஎன் செட்டிங்ஸ்ல ஆல்வேஸ் ஆன், அதுக்கு கீழ பிளாக் கனெக்ஷன்ஸ் வித்தவுட் விபிஎன் ரெண்டையும் ஆன் பண்ணிடுங்க, இல்லன்னா நடுவுல விபிஎன் கட் ஆனா உங்களுக்கே தெரியாம எல்லாம் பழையபடி நேரா போக ஆரம்பிச்சிடும்.