கான்ஃபிக் ஃபைல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அலுவலக ஊழியர்களுக்காக ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறேன். அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலை, அதாவது செட்டிங்ஸ் ஃபைலைத் திறக்கச் சொன்னாலே பயப்படுகிறார்கள். எப்படி எளிமையாக்குவது?

பதில்: ஃபைலைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லையே என்றுதான் பயம். விண்டோஸில் திரையின் ரெசல்யூஷனை மாற்றிப் பாருங்கள். 'இதையே வைத்துக்கொள்ளவா?' என்று கேட்கும்; 15 நொடியில் பதில் வராவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். திரை முழுக்க இருண்டு போனாலும் சும்மா இருந்தால் போதும். உங்கள் சாஃப்ட்வேரிலும் இப்படி ஒரு வழி வையுங்கள். கடைசியாக ஒழுங்காக ஓடிய ஃபைலை அதுவே பத்திரப்படுத்தட்டும். புதியதைப் படிக்க முடியாவிட்டால் பழையதை வைத்து ஓடட்டும், அதைப் பயனரிடம் சொல்லவும் செய்யட்டும்.

பிழைச் செய்தியில் கஞ்சத்தனம் வேண்டாம். 'கான்ஃபிக் தவறு' என்றால் யாருக்கு என்ன புரியும்? '14-ஆவது வரி: காத்திருக்கும் நேரத்துக்கு எண் வேண்டும். "30 நொடி" என்று இருக்கிறது, 30 என்று மட்டும் எழுதுங்கள்' என்று வந்தால் அவரே திருத்திக்கொள்வார்.

ஒவ்வொரு செட்டிங்குக்கு மேலேயும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். ஜேசன் என்ற ஃபைல் வடிவத்தில் கமென்ட்டுக்கு, அதாவது இப்படிப்பட்ட விளக்க வரிக்கு, இடமே இல்லை. மனிதர் கையால் திருத்தும் ஃபைலுக்கு அது வேண்டாம் என்பேன்.

கேள்வி: யாமல் என்ற இன்னொரு வடிவத்தில் உள்ள கான்ஃபிக் ஃபைலில் நாட்டுக் குறியீடுகளை எழுதினேன். நார்வே மட்டும் 'ஃபால்ஸ்' ஆகிவிடுகிறது!

பதில்: உங்கள் தவறு இல்லை. நார்வேயின் குறியீடு 'என்', 'ஓ' என்ற இரண்டு எழுத்து. யாமலின் 1.1 பதிப்பில் அதற்கு 'இல்லை', அதாவது 'ஃபால்ஸ்' என்று பொருள். 2009-இல் வந்த 1.2 இதை நீக்கியது. ஆனால் பைதான் மொழியில் யாமலைப் படிக்க உதவும் பையாமல் இன்னும் 1.1 வழியில்தான் போகிறது. அதே விதியில் 22:30 என்று நேரம் எழுதினால் 22-ஐ 60-ஆல் பெருக்கி, 30-ஐக் கூட்டி 1350 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வரியை உள்ளே தள்ளி எழுத டேப் கீ கூடாது, ஸ்பேஸ் மட்டும். தொடுவதற்கு முன் ஒரு காப்பி எடுங்கள்.

கேள்வி: நோட்பேடில் புது ஃபைல் எழுதிச் சேமித்தேன். சாஃப்ட்வேர் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: பெயரின் கடைசியில் 'டி எக்ஸ் டி' ஒட்டியிருக்கும். விண்டோஸ் அதை மறைத்துவைக்கும். எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் அதேதான். நானும் நோட்பேடில்தான் எழுதினேன்.

பதில்: ஒரு கேள்வி மேலே பாருங்கள்.

கேள்வி: வேர்டில் திறந்து திருத்தினேன். இப்போது பிழை வருகிறது.

பதில்: வேர்ட் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திருத்துங்கள். காப்பி எடுத்தீர்களா?

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? பட்டன் வைத்த திரை செய்தால் முடிந்தது.

பதில்: முடியாது. ஓர் அலுவலகத்தில் ஏழு டேபுக்குள் ஒளிந்திருந்த ஒரு டிக்கைத் தேட, ஃபோனில் ஒரு மணி நேரம் வழி சொல்லியிருக்கிறேன். ஃபைலாக இருந்திருந்தால் ஒரு வரியை அனுப்பியிருப்பேன். பத்துக் கணினிக்கு அதே அமைப்பு வேண்டுமென்றால் பத்து முறை கிளிக் செய்வீர்களா?

மறுப்பு: ஃபோனில் வழி சொல்கிறவர் நீங்கள். உங்கள் வசதிக்காக முதல்முறை வருகிறவர் ஏன் யாமல் படிக்க வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் வருகிறவருக்குத் திரைதான் சரி. ஆனால் திரைக்குப் பின்னால் மனிதர் படிக்கக்கூடிய ஃபைல் இருக்க வேண்டும். புரோகிராம் எழுத உதவும் விஎஸ் கோட் எடிட்டரில் இரண்டும் இருக்கிறது: திரையில் மாற்றுவது ஜேசன் ஃபைலில்தான் போய் விழுகிறது.

இன்னொருவர்: திரை இல்லாமலே பாதுகாப்பாகச் செய்யலாமே? லினக்ஸில், யாருக்கு நிர்வாக அனுமதி என்று சொல்லும் ஃபைலைத் திருத்த விசுடோ என்ற கட்டளை இருக்கிறதே!

பதில்: அருமையான உதாரணம். அதில் வெறும் எடிட்டர்தான் திறக்கும். சேமித்து மூடும்போது இலக்கணத்தைச் சரிபார்க்கும். தவறென்றால் வரி எண்ணைச் சொல்லி, திரும்பத் திருத்தவா, விட்டுவிடவா என்று கேட்கும். அதுவரை அசல் ஃபைல் அப்படியே இருக்கும். நான் முதல் பதிலிலிருந்து கேட்பது இதைத்தான்.

கேள்வி: எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: என் துறை இல்லை, வன்பொருள் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்று பெர்மிஷன் பிழை வந்தது, அனுமதி எண்ணாக 777 போட்டேன், சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். அந்தக் கணினியில் கணக்கு உள்ள யாரும் இப்போது அந்த ஃபைலைப் படிக்கலாம், மாற்றலாம். சாஃப்ட்வேர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவரை ஃபைலின் உரிமையாளராக்கி, அவர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற 600 போடுங்கள். உள்ளே பாஸ்வேர்டு இருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.