முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் பாரிமுனை நடை: சில யோசனைகள்

வணக்கம். சனிக்கிழமை அரைநாளில், முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னை ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தொடங்கி நடந்தே பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் ஜார்ஜ் டவுனிலுள்ள பாரிமுனையை முடித்துவிடுவதே அம்மாவுக்கு நல்லது.

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், 1892-இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடத்தை வெளியிலிருந்தே நிதானமாகப் பார்க்கலாம்; அதன் உயரமான குவிமாடம் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது.

அடுத்து அரண்மனைக்காரத் தெருவிலுள்ள, 1772-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்மீனியத் தேவாலயம். நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாயிலைக் கடந்ததும் தெருவின் இரைச்சல் அடங்கிவிடும். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்துகளைக் காணலாம். 1794-இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ இதே சென்னையில் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. அம்மா உட்கார்ந்து இளைப்பாறவும் நிழல் உண்டு.

ராஜாஜி சாலையில், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த 1884-ஆம் ஆண்டுத் தலைமை அஞ்சலகத்தை ஆட்டோவில் போகும்போதே பார்த்துவிடலாம். நடைபாதைகளைக் கடைகள் அடைத்திருப்பதால், அங்கிருந்து கோட்டைக்கும் ஆட்டோவிலேயே செல்லுங்கள். பாதுகாப்புச் சோதனை இருக்கும் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1680-இல் கட்டி முடித்த புனித மரியாள் தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடலாம்.