அங்கே 90-க்கு ‘ஏ’, இங்கே 93-க்கு ‘ஏ’: அமெரிக்கக் கல்லூரிகள் மதிப்பெண்ணை எப்படிப் படிக்கின்றன?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை உடைய பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில், மதிப்பெண் அளவுகோல் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகளின் பள்ளியில் 93 எடுத்தால்தான் ‘ஏ’. பக்கத்து மாவட்டத்தில் 90-க்கே ‘ஏ’ தருகிறார்கள். 91 எடுத்தும் இவளுக்கு ‘பி’தான் விழுகிறது. கல்லூரிச் சேர்க்கையில் இது அவளைப் பாதிக்காதா?

உங்கள் கவலை நியாயமானது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் பெற்றோர் திரண்டு வற்புறுத்திய பிறகு, அதுவரை 94-இல் தொடங்கிய ‘ஏ’ 2009-இல் 93-க்கு இறக்கப்பட்டு, 90 முதல் 92 வரை ‘ஏ மைனஸ்’ என்றும் ஆனது. வட கரோலினா 2015-16 கல்வியாண்டிலும், தென் கரோலினா அதற்கடுத்த ஆண்டிலும் 90-இல் தொடங்கும் பத்துப் புள்ளி அளவுகோலுக்கு மாறின.

ஆனால் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளில் இந்த வேறுபாடு நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தீங்கு செய்வதில்லை. மகளின் டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் பதிவு) ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்ற ஓரிரு பக்க ஆவணத்தையும் பள்ளியின் கவுன்சலர் அனுப்புகிறார். எந்த எண்ணில் ‘ஏ’ தொடங்குகிறது, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் அமையும் ஏபி பாடங்கள் எத்தனை நடத்தப்படுகின்றன, வகுப்பில் மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பவற்றை அதில் காணலாம். பல கல்லூரிகளில் சேர்க்கை அலுவலர்களுக்குப் பகுதி பகுதியாகப் பொறுப்பு பிரித்துத் தரப்படுவதால், உங்கள் பகுதிப் பள்ளிகளின் கண்டிப்பு எத்தகையது என்பதை அந்த அலுவலர் ஆண்டுதோறும் படித்துப் பழகியிருப்பார்.

உண்மையான இழப்பு ஏற்படக்கூடிய இடம் வேறு. குறிப்பிட்ட ஜிபிஏ (‘ஏ’வுக்கு நான்கு, ‘பி’க்கு மூன்று என எழுத்துகளைப் புள்ளிகளாக்கி எடுக்கும் சராசரி) இருந்தால் தானாகவே கிடைக்கும் கல்வி உதவித்தொகைகளில் எல்லைக்கோடு ஓர் எண் மட்டுமே. அங்கே உங்கள் மகளின் 91 மூன்று புள்ளியாகவும், பக்கத்து மாவட்டத்து 91 நான்கு புள்ளியாகவும் நின்றுவிடலாம். ஆகவே, டிரான்ஸ்கிரிப்டில் எழுத்து மட்டும் அச்சாகிறதா, நூற்றுக்கான எண்ணும் அச்சாகிறதா என்று கவுன்சலரிடம் கேளுங்கள். உதவித்தொகைக்கு ஜிபிஏவைத் தாங்களே திரும்பக் கணக்கிடுகிறார்களா என்பதை அந்தந்தக் கல்லூரியிடமே எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

கேள்வி: என் மகனின் ஜிபிஏ 4.6. வேறு பள்ளியில் படிக்கும் அவனுடைய நண்பனுக்கு 4.3. கல்லூரியின் பார்வையில் என் மகன்தானே முன்னால் இருக்கிறான்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நான்கைத் தாண்டிய ஜிபிஏ என்றால் பெரும்பாலும் அது கடினமான பாடங்களுக்குக் கூடுதல் எடை சேர்த்துக் கணக்கிட்டது என்று பொருள். ஒரு பள்ளி ஏபி பாடத்துக்கு முழுப் புள்ளி கூட்டும், மற்றொன்று அரைப்புள்ளி கூட்டும், வேறொன்று பள்ளியே கடினமாக்கி நடத்தும் ஹானர்ஸ் பாடங்களுக்கும் சேர்த்துக் கூட்டும். அதனால்தான் பல கல்லூரிகள் பள்ளி அச்சிட்ட எண்ணை ஒதுக்கிவிட்டுத் தங்கள் விதிப்படி புதிதாகக் கணக்கிடுகின்றன.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முறை இதற்குத் தெளிவான சான்று. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ‘ஏ-ஜி’ பாடங்களை (சேர்க்கைக்கு அது கேட்கும் பாடப் பட்டியல்) மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. பிளஸ், மைனஸ் குறிகளை அது பார்ப்பதில்லை. ‘ஏ மைனஸ்’ நான்கு, ‘பி பிளஸ்’ மூன்று, அவ்வளவுதான். கூடுதல் புள்ளி அதிகபட்சம் எட்டு செமஸ்டர் பாடங்களுக்கு, அதிலும் பத்தாம் வகுப்பில் எடுத்தவை நான்குக்கு மேல் இல்லை. பிற மாநில மாணவர்கள் தங்கள் பள்ளியில் எடுத்த ஹானர்ஸ் பாடங்களுக்கு அங்கே கூடுதல் புள்ளி கிடையாது. ஏபி பாடங்களுக்கும், ஐபி என்ற சர்வதேசத் திட்டப் பாடங்களுக்கும் உண்டு. இப்படிக் கணக்கிட்ட பிறகு அம்மாநிலத்தவருக்கு 3.0-வும் மற்றவர்களுக்கு 3.4-உம் குறைந்தபட்சத் தகுதி. ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகையும் பள்ளி சேர்த்த எடையை நீக்கிவிட்டு, முதன்மைப் பாடங்களை வைத்துத் தானே கணக்கிடுகிறது.

ஒரே டிரான்ஸ்கிரிப்ட் மூன்று இடங்களில் மூன்று எண்களைத் தரும் என்பதால், நண்பனோடு ஒப்பிடும் நேரத்தில், மகன் விரும்பும் கல்லூரிகளின் கணக்கு முறையை அவனோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏபி பாடத்தில் ‘பி’ வாங்குவது நல்லதா, சாதாரணப் பாடத்தில் ‘ஏ’ வாங்குவது நல்லதா?

பள்ளியில் கிடைக்கக்கூடிய பாடங்களில் இந்த மாணவர் எந்த அளவுக்குக் கடினமானவற்றை எடுத்தார் என்று, பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தின் படிவம் கவுன்சலரிடம் நேரடியாகவே கேட்கிறது. அதனால் தேர்வு கடுமையாக உள்ள கல்லூரிகளைக் குறிவைப்பவர், தம்மால் தாங்க முடிந்த வரையில் கடினமான பாடத்தை எடுப்பதே சரி என்பது என் கருத்து. ‘சி’ விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எடுக்க வேண்டாம். ஏபி பாடமே இல்லாத பள்ளியில் படிப்பவரை, அதை எடுக்கவில்லை என்று யாரும் குறையாக எண்ணுவதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்களின் தரவரிசையை வெளியிடுவதில்லை. இது பாதகமா?

பெரும்பாலும் இல்லை. தரவரிசை இல்லை என்று குறிப்பிடக் கவுன்சலரின் படிவத்திலேயே வழி உண்டு. புரொஃபைலில் உள்ள மதிப்பெண் பரவலை வைத்து மாணவர் ஏறத்தாழ எங்கே நிற்கிறார் என்று அலுவலர் ஊகித்துக்கொள்வார். டெக்சாஸ் வேறு கதை. 1997-இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வருவோருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதைவிடக் குறுகிய வரம்பை வைத்துக்கொள்ளச் சட்டம் பின்னர் இடம் தந்தது. இங்கே பள்ளிக்குப் பள்ளி மாறும் அளவுகோல் பொருட்டே அல்ல, ஒவ்வொருவரும் தம் சக மாணவரோடுதான் ஒப்பிடப்படுகிறார்கள். ஆனால் பள்ளி எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை தருகிறது என்பதே இடத்தை முடிவுசெய்துவிடக்கூடும் என்பதால், அந்த விதியை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட வேண்டும்.

கேள்வி: பாதிக்கு மேற்பட்டோர் ‘ஏ’ வாங்கும் பள்ளியில் படிக்கிறேன். என் ‘ஏ’வுக்கு மதிப்பு இருக்குமா?

எழுத்து மட்டும் உங்களைத் தனித்துக் காட்டாது. எடுத்த பாடங்களின் கடினம், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஏபி தேர்வு முடிவுகள் ஆகியவை அங்கே கூடுதலாகப் பேசும். எம்.ஐ.டி. 2022-இலும் டார்ட்மவுத் 2024-இலும் எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற பொதுத் தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்று மீண்டும் அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவுக்கு அவற்றைப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பை வேறு நாட்டில் முடித்துவிட்டு இங்கே சேர்ந்தேன். அந்த மதிப்பெண்ணை நான்கு புள்ளிக்கு மாற்றித் தர வேண்டுமா?

நீங்களாக மாற்றக் கூடாது. சான்றிதழில் உள்ளபடியே எழுதி, அந்தப் பள்ளியின் அளவுகோல் விளக்கத்தையும் கவுன்சலர் வழியாக இணைத்து அனுப்புங்கள்.