15,000 ரூபாயில் ரோட் பைக்கில் முதலில் எதை மாற்றலாம்: டயரா, வீல்செட்டா, கியரா?

உங்கள் சைக்கிளில் ஷிமானோவின் சோரா 9 ஸ்பீட் கியர், 50/34 கிரேங்க் (பெடல் பக்கம் 50, 34 பல் உள்ள இரண்டு சக்கரங்கள்), 11-28 கேசட் (பின் சக்கரத்தில் 11 முதல் 28 பல் வரையான பல்சக்கர அடுக்கு), கம்பியால் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக், 25 மி.மீ. டயர். வார நாளில் தார் ரோடு, ஞாயிற்றுக்கிழமை மண் ரோடும் மலையும் என்கிறீர்கள். கடைக்காரர் வீல்செட் (இரண்டு சக்கரங்களும்) மாற்றச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

என் பதில்: முதலில் 32 மி.மீ. அகல டயர், அப்புறம் கேசட். வீல்செட் இப்போதைக்கு வேண்டாம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், புது வீல்செட்டில் மிச்சமாகும் 300 கிராம் அதில் அரை சதவீதம்கூட இல்லை. அதே காசுக்கு டயரில் கிடைக்கும் வித்தியாசம் முதல் கிலோமீட்டரிலேயே தெரியும்.

டயர் வாங்குமுன் ஃபிரேமில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். முன்னே ஃபோர்க், பின்னே செயின்ஸ்டே, சீட்ஸ்டே (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ், மேல் குழாய்கள்) என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். டயரில் 32 என்று அச்சிட்டிருந்தாலும், ரிம்மின் உள் அகலம் கூடினால் அது 33, 34 வரை விரியும். அதற்கு மேல் பக்கத்துக்கு 4 மி.மீ.யாவது காலியாக இருக்கட்டும். மழைக்குப் பிறகு களிமண் ஒட்டிக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நிற்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

காற்று விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்போல அடித்தால் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை வழவழப்பான உருளையில் டயரை ஓட்டிப் பார்க்கும் சோதனைக்குப் பொருந்தும். நம் ரோட்டில் டயர் அமுங்காவிட்டால் ஒவ்வொரு கல்லும் உங்களையும் சைக்கிளையும் தூக்கிப் போடும், மிதித்த சக்தி அந்தக் குலுக்கலில் வீணாகும். 70 கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டயரில் 55-60 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்து, இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். ஒரே மேம்பாலத்தில் மிதிக்காமல் உருண்டு இறங்கி, எந்த அழுத்தத்தில் அதிக தூரம் போகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். காற்று வீசாத விடியற்காலையில் செய்யுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும்.

ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர்? ரிம் அதற்கேற்றதாக இருந்தால் கட்டாயம் போடலாம், சீமைக் கருவேல முள் நிறைந்த ஊருக்கு அதுதான் சரி. ஆனால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் நம் வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். பின்னால் வீல் மாற்றும்போது டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லாத ஹூக்லெஸ் ரிம் வந்தால் ஒன்று கவனியுங்கள்: ரோட் டயருக்கு அதில் உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. டயரும் ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும்.

இனி கியர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை 34/28-ல் (முன்னே 34 பல், பின்னே 28 பல்) ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்க மணிக்கு 11 கி.மீ. போயாக வேண்டும். கால் சோர்ந்து அந்த வேகம் விழுந்தால் முட்டிக்குத்தான் சுமை. 11-34 கேசட் போட்டால் அதே 70 சுற்றுக்கு 9 கி.மீ. போதும். இதற்கு நீளக் கூண்டு உள்ள பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) தேவை. சோராவில் அது ஜி.எஸ். மாடல். செயினும் நீளமாக வேண்டும், பழையதை அப்படியே விடாதீர்கள். இவ்வளவுக்கும் மண் ரோட்டுக்கென ஷிமானோ தரும் ஜி.ஆர்.எக்ஸ். குரூப்செட்டின் (முழு கியர், பிரேக் தொகுப்பு) விலையில் சிறு பங்குதான் ஆகும். மண், சரளை ரோட்டுக்கென்றே வரும் 46/30 கிரேங்க் இன்னும் இலகுவான கியர் தரும் என்பது உண்மைதான், ஆனால் உங்களுக்கு இப்போது அந்தச் செலவு தேவையில்லை.

மிச்சப் பணத்தில் பிரேக். கேலிப்பரை (பேடை அழுத்தும் பகுதி) மாற்றுமுன், அழுத்தினால் சுருங்காத வகை அவுட்டர் கேபிளை (பிரேக் கம்பியின் வெளியுறை) போட்டுப் பாருங்கள். மெக்கானிக்கல் டிஸ்க்கின் சொதசொதப்பு பாதி அதிலேயே போய்விடும். உலோகப் பேட் வாங்கும் எண்ணம் இருந்தால் ரோட்டரில் (பேட் பிடிக்கும் வட்டத் தட்டு) என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். ‘ரெசின் பேட் மட்டும்’ என்று இருந்தால் உலோகப் பேட் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.