கியூபாவில் வாங்கிய கறுப்புத் துணிப் பொம்மையை வீட்டில் வைக்கலாமா? அது வூடூ பொம்மையா?

தாராளமாக வைக்கலாம். நண்பர் ஹவானாவிலிருந்து கொண்டுவந்த நீலப் பாவாடைப் பொம்மையைப் பார்த்து வீட்டில் அஞ்சுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் மூத்தவர் ஒருவரிடமிருந்தே தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

2018 செப்டெம்பரில் ரொறொன்ரோவிலிருந்து கியூபாவுக்குப் போயிருந்தபோது, ஹவானாத் துறைமுகத்தில் படகேறி எதிர்க்கரையிலுள்ள ரெக்லாவுக்குச் சென்றேன். அங்குள்ள தேவாலயத்தில் கரிய முகமுடைய மாதா வெள்ளைக் குழந்தையை ஏந்தியிருக்கிறாள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்கள் தங்கள் கடல்தாய் யெமாயாவை அவளில் கண்டு வணங்கினார்கள். கியூபாவில் அடிமை முறை 1886இல் ஒழிந்த பின்பும் அந்த வழிபாடு நிலைத்து, செப்டெம்பர் 7 அன்று திருவிழாவாக நடக்கிறது.

தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மூதாட்டி பொம்மை தைத்துக்கொண்டிருந்தார். முகம் கறுப்புப் பருத்தித் துணி, கண்கள் வெள்ளை நூல் தையல், கழுத்தில் நீலமும் வெள்ளையும் மாறி மாறிக் கோத்த பாசிமணி. பாவாடையில் ஏழு சுருக்கு அடுக்குகள் இருந்தன, ஏனெனில் ஏழு யெமாயாவின் எண். மஞ்சள் உடுத்தியவள் ஆற்றுத் தெய்வம் ஓசுன், சிவப்பும் வெள்ளையும் இடித் தெய்வம் சாங்கோவுக்கு உரியவை என்று, உடன் வந்தவர் மொழிபெயர்க்க, அவர் பொறுமையாக விளக்கினார். தம் வீட்டிலும் இப்படி ஒரு பொம்மை நாற்காலியில் இருப்பதாகவும், அது இறந்துபோன பாட்டிக்கு உரியது என்பதால் காலையில் முதல் கோப்பைக் காப்பியை அதன் முன்னால் வைப்பதாகவும் சொன்னார். அம்மாவின் படத்துக்கு முன்னால் தேநீர் வைக்கும் எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கே வாங்கிய பொம்மையை, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், "இது செய்வினைப் பொம்மை, வீட்டுக்கு ஆகாது" என்று மாமி குப்பையோடு போட்டுவிட்டார். மாலையில் வந்து பார்த்தபோது குப்பை வண்டி போய்விட்டிருந்தது. மாமியிடம் எனக்குக் கோபமில்லை. அவர் அறிந்ததெல்லாம் சினிமா காட்டிய ஊசி குத்திய பொம்மைதான். பிறரை வருத்தப் பாவை செய்வது ஐரோப்பாவிலும் பழைய வழக்கம். மெழுகுப் பாவையை உருக்கி ஒருவரை நோயில் வீழ்த்துவதைப் பற்றி ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆண்ட காலத்தில் வெளிவந்த பரபரப்பு நூல்களும் திரைப்படங்களும் அந்நாட்டு மக்களின் சமயமான வூடூவையே திகில் கதையாக்கின. ஊசிப் பழியும் பின்னர் அதன் தலையில் விழுந்தது. அந்த வூடூ 1791இல் அடிமைகளை எழுச்சிக்கு ஒன்றுதிரட்டிய சமயம் என்பதைச் சொல்வாரில்லை. கியூபாவின் வழிபாடு வூடூவும் அல்ல. அது தனி மரபு.

மூடநம்பிக்கையைப் பரப்புகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். பொம்மைக்குச் சக்தி உண்டு என்று நான் எங்கும் சொல்லவில்லை. அங்கெல்லாம் மந்திர வித்தையே கிடையாது என்றும் சொல்லவில்லை. ஒரு மக்கள் தங்கள் பாட்டிமாரை நினைத்துத் தைத்த பொருளை நாம் சூனியம் என்று வீசுவது சரியல்ல என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு முதியவரிடம் அந்தக் காப்பிக் கோப்பையைப் பற்றிச் சொல்லுங்கள். பொம்மையின் தலைத்துணி தளர்ந்திருந்தால் வெள்ளை நூலால் இரண்டு தையல் போடுங்கள். மணிச்சரத்தை மட்டும் நனைக்க வேண்டாம்.